அண்ணியின் பின்னறைப் பட்டறை

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வருமா என்பீர்கள். வரும், கேளுங்கள். அண்ணி வயசில் எனக்கு இளையவள், அதனால் அவள் இவள் என்றுதான் சொல்வேன்.

துணிக்கடையில் பில் போடுகிறவள் அவள். யார் யாரோ வாங்கியதற்கெல்லாம் பில் போட்டே காலம் போகிறது, என் கையால் ஒரு நாற்காலியாவது செய்யணும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னறையில் அடைந்து கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை ஒருவழியாகப் போன வருஷம்தான் காலி பண்ணினாள்.

ஒரே சிக்கல், என் அண்ணன். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு இழுப்பு. தூசி பட்டால் போதும், மூச்சுக்குத் திண்டாடுவான். "ஒரு தடவை உங்களுக்கு இழுத்தாலும் எல்லாத்தையும் தூக்கி வெளிய போட்டுடுவேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் அண்ணி முதல் ஆணியையே அடித்தாள்.

அவள் அந்த அறையை ஒழுங்கு பண்ணிய அழகு இருக்கே. உளிகள் சுவரில் தோல் வாரில் தொங்கும். ஒவ்வொன்றின் வடிவத்தையும் பின்னால் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள், எது எந்த இடம் என்று கேட்கவே வேண்டாம். கதவிடுக்கில் ரப்பர் பட்டை, வாசலில் ஈரச் சாக்கு, வெளியே வரும்போது மாற்றிக்கொள்ள வேறு சட்டை. அறுக்கும் மெஷினுக்கு மேலே, தூளை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் ஃபேன். நான் வீட்டு அலமாரியை விரலால் தடவிப் பார்த்தேன், குற்றம் கண்டுபிடிக்கத்தான். ஒரு பொட்டுத் தூசி இல்லை. எனக்கே பெருமையாகிவிட்டது.

இவ்வளவு யோசித்த மகராசி, அந்த ஃபேன் தூளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. அங்கேதான் துணிக்கொடி. கொடியில் காய்ந்த போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு மத்தியானம் படுத்த அண்ணன், சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

அவன் வீடு திரும்பியதும் அண்ணி மெஷின்களைக் கழற்றி விற்றாள். சுவரையும் காலி பண்ணினாள். "விடு அண்ணி, பாத்துக்கலாம்" என்று நான் கெஞ்சியும் காதில் வாங்கவில்லை. கடைசியாக, மரத்தைக் கையாலேயே சீவும் இழைப்புளியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். அண்ணன் அதை எடுத்துப்போய்த் திரும்பவும் பின்னறை மேசைமேல் வைத்தான்.

"இதுல தூளா பறக்குது? சுருள்தானே விழுது. மரத்தைக் கடையிலயே அளவா அறுத்து வாங்கிக்கோ."

"வேண்டாங்க. சொன்னா சொன்னதுதான்."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். "இழை. இழுக்குதா இல்லையான்னு பாத்துடலாம்."

நான் அவனுடைய மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி பலகைமேல் இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளுவாள், நிறுத்துவாள், அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். மறுபடி ஒரு தள்ளு, மறுபடி பார்வை. பலகை மேடும் பள்ளமுமாகிக்கொண்டிருந்தது.

அண்ணன் மட்டும் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"என் நெஞ்சையே பாத்துட்டிருந்தா பலகை எப்படி சமமாகும்?" என்றான். "மரத்தைப் பாரு."