வெள்ளிக்கிழமைக்குள் தண்ணீர் தெரியணும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ‘வேரோட டீச்சர்’. எதைப் பிடுங்கினாலும் வேரோடு பிடுங்கு என்று பதினெட்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கும் அது தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. கணவர் அங்கேயே பஸ் டிரைவர். வீட்டில் அவளை “ஏய்” என்பவர், பள்ளி கேட்டைத் தாண்டியதும் “டீச்சர்” என்று கை கட்டிக்கொள்வார்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு குளம். குளம் என்று சொல்லத் தண்ணீர் தெரிய வேண்டாமா? கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. யாரோ அழகுக்கென்று கொண்டுவந்து விட்ட வெளியூர்ச் செடி. மேலே ஊதாப் பூவாகப் பூத்துக் குலுங்கும், அடியில் வெளிச்சம் இல்லாமல் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். தாளாளர் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். “கொசுப் பண்ணை! மண்ணைக் கொட்டி மூடிட்டு, ஷெட் போட்டு பஸ்ஸை நிறுத்தலாம்” என்றார். டீச்சர் நேரே அவர் அறைக்குப் போய் நின்றாள்.

“ஒரு வாரம் குடுங்க சார். பிள்ளைங்களை வச்சு நானே எடுத்துக் காட்டறேன்.”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண் லாரி வரும். அதுக்குள்ள தண்ணி தெரிஞ்சா பாக்கலாம்.”

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு பஞ்சாயத்து.

“நாள் பூரா வெயில்ல நிக்குது பஸ்ஸு. சீட்டுல உக்காந்தா உசுரு போகுது. ஷெட்டு வருதேன்னு சந்தோஷப்பட்டேன், அதுல மண்ணைப் போட்டுட்டியே!” என்றார் கணவர்.

“குளத்துல போடறதுக்குப் பதிலா உங்க ஆசையில போடலாம், தப்பில்ல” என்றாள் அவள்.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பு இறங்கியது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் உள்ள இடத்துக்கு யாரும் போகக் கூடாது, ஆழத்தில் கிடப்பதைக் கயிறு வீசி இழுக்க வேண்டும் என்பது சட்டம். அடேயப்பா, என்ன ஆர்ப்பாட்டம்! வகுப்பில் வாயை மூடாததால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கிய பெண், ஒரு செடியைத் தூக்கினாள். அதோடு ஏழு செடிகள் கோத்துக்கொண்டு வந்தன. “டீச்சர், குடும்பத்தோட வருது!” என்று அலறினாள். இரண்டு நாளில் பாதிக் குளம் வெளியே வந்து கரையில் ஆள் உயரத்துக்குக் குவிந்தது. பிள்ளைகளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

செவ்வாய் இரவு மழை கொட்டியது. புதன் காலையில் போய்ப் பார்த்தால் குளம் கரை ஏறியிருந்தது. குவியல் மொத்தமும் திரும்பத் தண்ணீருக்குள் போய், ஒன்றும் நடக்காததுபோல் மிதந்துகொண்டிருந்தது.

“தப்பு என்னோடதுதான்” என்றாள் டீச்சர், எல்லார் முன்னாலும். “பிடுங்கச் சொல்லிக் குடுத்தேன். எங்க கொண்டுபோய்ப் போடணும்னு யோசிக்கல.” இவ்வளவு படித்து, தண்ணீர் ஓரத்திலேயே குவித்து வைத்த தன் புத்தியை அவளால் மன்னிக்க முடியவில்லை.

அப்போது பின்னால் தொம்மென்று சத்தம். பஸ்ஸின் தார்ப்பாயைத் தரையில் போட்டுவிட்டுக் கணவர் நின்றார். “இதுல அள்ளிப் போட்டு மேட்டுல இருக்கற சிமென்ட் தரைக்கு இழுங்க, டீச்சர். அங்க மழைத்தண்ணி ஏறாது.”

“உங்க ஷெட்டு?”

“என் வயித்தெரிச்சலை அப்புறம் பேசிக்கலாம். ஒரு மூலையப் பிடி.”

பிறகு மூன்று நாள் யாருக்கும் சோறு தண்ணி ஞாபகமில்லை. ஒரு கூட்டம் பிடுங்க, ஒரு கூட்டம் இழுக்க, மேட்டில் ஒரு கூட்டம் செடிகளைப் பிரித்துக் காயப்போட்டது. டீச்சர் பம்பரமாகச் சுற்றினாள்.

வெள்ளி சாயங்காலம் லாரி வந்துவிட்டது. முன்னால் தாளாளரின் கார். குளம் முக்கால்வாசி பளபளவென்று கிடந்தது. ஒரு மூலை மட்டும் பாக்கி. அவர் கரையோரமாக நடந்து குளத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார், “எல்லாம் சரி டீச்சர், இது மறுபடியும் வராதே?”

வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குளம் பிழைத்துக்கொள்ளும். சொல்லத்தான் வாயெடுத்தாள். பின்னால் நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள்.

“வரும் சார்” என்றாள். “விதை சேத்துக்குள்ள இருபது வருஷம்கூடக் கிடக்கும். வர வர எடுத்துக்கிட்டே இருக்கணும்.”

“இருபது வருஷமா! நீங்களே இன்னும் பதினோரு வருஷத்துல ரிட்டயர் ஆயிடுவீங்க. அப்புறம் யாரு எடுப்பா?”

“டீச்சர் போனா போகட்டும் சார்!” என்றது ரேடியோ, முழங்கால் வரைக்கும் சேறோடு. “எட்டாவது பசங்களுக்கு நேத்தே சொல்லிக் குடுத்துட்டோம். அவங்க ஏழாவதுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. எங்க குவிக்கக் கூடாதுன்னும் சொல்லியாச்சு.”

நீ போனாலும் பரவாயில்லை என்று ஒருத்தி முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அதைக் கேட்டு டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக நின்றாள்.

தாளாளர் லாரிப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். “மண்ணு வேண்டாம்ப்பா. திருப்பிக்கோ.”