டிக்கியில் இருந்த பெயர்

அக்கா இறந்த ஏழாம் மாதம், மாமா தன் டாக்சியைக் கொண்டுவந்து என் கடை முன்னால் நிறுத்தினார். சித்தூரில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் எழுத்து வெட்டி ஒட்டும் கடை வைத்திருந்தேன். எண்பதுகளில் அது புதுத் தொழில். அவருடைய கறுப்பு அம்பாசடரின் டிக்கியில் மஞ்சள் எழுத்தில் அக்காவின் பெயர் இருந்தது. மாமாவுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் ஆனபோது நான் வெட்டி ஒட்டியது. தமிழில் போடட்டுமா என்று அன்று கேட்டேன். திருப்பதி சவாரிக்குத் தெலுங்குதான் எடுபடும் என்று மாமா சொல்லிவிட்டார்.

முன்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. போன வாரம் கல்யாணம் ஆனது, பெண்ணுக்குப் பக்கத்து ஊர் புத்தலப்பட்டு என்று மாமாவே சொன்னார். எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை.

"இந்தப் பேர எடுத்துடு மச்சான். வேற எவன்கிட்ட குடுத்தாலும் பிளேடு போட்டுச் சுரண்டுவான். பெயிண்ட் போய்டும்," என்றார்.

அவர் குரலில் துளி கூச்சம் இல்லை. வேலை தெரிந்தவனிடம் வேலையைக் கொடுத்தார், அவ்வளவுதான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா பெயர்மேல் எவனோ பிளேடு வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சரி என்றேன். மாமா அவளை அங்கேயே விட்டுவிட்டு டாக்சி ஸ்டாண்டுக்குப் போனார்.

ஸ்டவ்வில் வெந்நீர் வைத்து, பழைய துணியை நனைத்துப் பிழிந்து முதல் எழுத்தின்மேல் போட்டேன். சூட்டில் பசை இளக வேண்டும். பிறகு நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, மேலே தூக்காமல், பெயிண்ட்டோடு படியவைத்தபடி பின்பக்கமாக மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் எழுத்து துண்டு துண்டாகக் கிழியும். மிச்சம் நிற்கும் பசையை மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

இரண்டாவது எழுத்துக்கு வந்தபோது அந்தப் பெண் இறங்கி வந்தாள். சும்மா நிற்கக் கூச்சப்பட்டோ என்னவோ, துணியைத் தானே வாங்கி வெந்நீரில் நனைத்துக் கொடுத்தாள். அந்தப் பெயருக்குரியவளுக்கு நான் என்ன உறவு என்று கேட்டாள். தம்பி என்றேன். அவள் கை நின்றது.

"காய்ச்சல்ல போய்ட்டாங்கன்னு சொன்னாருண்ணா."

அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னேன். காய்ச்சல் இல்லை, பிரசவ வலி. காலையில் வலி எடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் மாமா சவாரிக்குக் கிளம்பினார். தலைப்பிரசவம், லேட் ஆகும் என்றார். மதியம் டாக்டரம்மா உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மாமா வழக்கமாகச் சவாரி இறக்கும் திருச்சானூர் லாட்ஜுக்குப் போன் போட்டோம். ஆளும் கிடைத்தார். பார்ட்டி கோயிலில் தாயாரைச் சேவித்துவிட்டு வரட்டும், அவர்களை இறக்கிவிட்டு வருகிறேன் என்றார். வேறு வண்டி அகப்படவில்லை. பஸ்ஸின் கடைசி சீட்டில் அக்காவைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். காட்பாடி வருவதற்குள் அவளும் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நாளைக்கு உனக்கும் வலி எடுக்கும்மா. அன்னிக்கும் அவருக்குச் சவாரி இருக்கும்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவேண்டும் என்றுகூட இருந்தது. அவள் அழவில்லை. ஆறிப்போன துணியை மறுபடி வெந்நீரில் நனைத்தாள். கடைசி எழுத்தைக் கிழியாமல் அவளே உரித்தாள்.

எழுத்துகள் போனாலும் பெயர் போகவில்லை. சுற்றிலும் வெயிலில் வெளிறிப்போயிருந்த கறுப்புக்கு நடுவில், அடியிலிருந்த பெயிண்ட் புதுசாகப் பளபளத்தது. வாசிக்க முடிந்தது. அரைநாள் பாலிஷ் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் சமமாகிவிடும். மாமா திரும்பி வந்து, இன்னும் தெரிகிறதே என்று கேட்டபோது, இதற்குமேல் போகாது, தேய்த்தால் பெயிண்ட் கழன்றுவிடும் என்று பொய் சொன்னேன்.

அப்படியானால் அதன் மேலேயே இவள் பெயரை ஒட்டிவிடு என்றார்.

"என் பேரு இதுல வேணாம்," என்றாள் அவள்.

வெட்கப்படுகிறாள் என்று மாமா சிரித்தார். சாமி பேர் போடலாமா என்று கேட்டார். அந்த அளவு மஞ்சள் ஷீட் தீர்ந்துவிட்டது என்றேன். அதுவும் பொய். டிக்கி அப்படியேதான் போயிற்று.

மறு வருஷம் மாமா கடைக்கு வந்தார். முழுகாமல் இருந்தவள், ஐந்தாம் மாதமே தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாளாம். கூட்டிவரக் காரோடு போனால் ஏற மாட்டேன் என்கிறாளாம்.

"அவகிட்ட இன்னாடா சொன்ன?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு நாளும் அவள் எதை நினைத்துப் பயந்திருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. இரண்டு வருஷம் கழித்துத் திருச்சானூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளைப் பார்த்தேன். இடுப்பில் பெண் குழந்தை. நான் சிரித்தேன். என்னை அடையாளம் தெரிந்ததும் அவள் குழந்தையின் முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு, வெயிலில் ரோட்டைக் கடந்து, நிழலே இல்லாத எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.