ஊசி மேல் போட்ட பழி

சட்டை மாட்டிவிடப் போனபோது என் கணவர் என் கையைத் தட்டிவிட்டார். இடது தோளைத் தொடவே விடவில்லை. முந்தின நாள்தான் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு கிளினிக்கில் இருவரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கும் தோள் வலித்தது. சொல்ல வாய் இருந்தது. டிமென்ஷியா (நினைவும் அறிவும் தேயும் நோய்) வந்தவருக்கு வலியைக்கூடச் சொல்ல வராது. இந்த வியாதியோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தேன். ஒத்தாசைக்கு என்று அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வந்து இறங்கினார். அடுப்படியும் மாத்திரை டப்பாவும் அவர் கைக்குப் போயின. காய்ச்சல் விட்ட பிறகும் டப்பா திரும்பி வரவில்லை.

"நீ ரெஸ்ட் எடு சரசு. என் தம்பிய எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?"

மாதக் கடைசிக்குள் என் கணவர் ஆளே மாறிவிட்டார். சோற்றைத் தள்ளினார், கூடத்திலேயே சிறுநீர் கழித்தார். "யார் நீ, வெளிய போ" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். கிழமையும் தெருவும் மறந்திருந்த மனிதருக்கு அதுவரை என் பெயர் மட்டும் மறக்கவில்லை. அதை வைத்துத்தான் நான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் அந்த ஊசிதான்" என்று அண்ணி உறவுக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டார். ஆளாளுக்கு என்னை வைதார்கள்.

டெலிரியமாக (திடீரென வரும் மனக்குழப்பம்) இருக்குமோ என்று டாக்டர் ரத்தமும் சிறுநீரும் சோதித்தார். தொற்று எதுவும் இல்லை.

"ஊசியால காய்ச்சல், குழப்பம் வந்தா ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும்மா. இவ்ளோ நாள் இழுக்காது. மறதி மாத்திரை டெய்லி போகுதா?"

கூட வந்திருந்த அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஊசி போட்ட உடம்புக்கு மாத்திரை ஆகாது டாக்டர், சூடு. நாந்தான் நிறுத்திட்டேன். எங்க வீட்ல பசங்களுக்கும் அப்படித்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "திடீர்னு நிறுத்தினா இப்படி ஆகும். சின்ன டோஸ்ல மறுபடி ஆரம்பிப்போம். போனது எல்லாம் திரும்பும்னு சொல்ல முடியாதும்மா."

ஆட்டோவில், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி?" என்றேன்.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

அந்த நல்லதைக் கொண்டுபோய்க் குப்பையில் போட. அன்றே அண்ணியைப் பெட்டியோடு அனுப்பிவைத்தேன். மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

மாத்திரை மறுபடி போக, என் கணவர் மெல்லச் சாப்பிட்டார், நடந்தார், கோபம் அடங்கியது. இந்த வருடமும் தடுப்பூசி போட்டோம். மாத்திரையை நிறுத்தவில்லை. நான் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர் நெற்றிச் சூடும் கவளம் விழுங்கும் வேகமும்தான் எனக்கு நேரம் காட்டுகின்றன. என் தோள் வலித்தால் அவர் தோளைத் தொட்டுப் பார்க்கிறேன்.

என் பெயர் மட்டும் அவருக்குத் திரும்பவில்லை. இப்போது என்னை "அக்கா" என்று கூப்பிடுகிறார். நானும் "என்ன தம்பி" என்று கேட்டுக்கொண்டு போகிறேன்.