பொய் நோயாளிகள் இருபது பேர்

தேசப்பன் முப்பத்தொரு வருடம் திருத்தணியில் ஒரு தனியார் சர்க்கரை நோய் மருத்துவமனையில் பதிவேடு பார்த்தார். குறித்த தேதிக்கு வராத நோயாளிகளை, காலை பத்து மணிக்கு உட்கார்ந்து போனில் கூப்பிடுவார். யாரும் சொன்ன வேலை இல்லை. நகரிப் பக்கத்து ஆட்களைத் தெலுங்கில் திட்டுவார், திருவாலங்காட்டு ஆட்களைத் தமிழில்.

மகள் அனுசுயாவுக்குச் சென்னையில் கணினிப் பாதுகாப்பு வேலை. அப்பாவின் மருத்துவமனைக்கும் அவளே ஒரு காவல் வைத்துக் கொடுத்தாள். இணையத்தில் புதுப்புது வழியில் வருகிற திருடனை அடையாளம் பார்த்துத் தடுக்க முடியாது. அதனால் தூண்டில். இருபது பொய் நோயாளிகளை எழுதி, ஒரு தனிக் கோப்பில் போட்டு, நெட்வொர்க்கில் கண்ணில் படும்படி வைத்தாள். அங்கே வேலை செய்கிறவர் யாருக்கும் அதைத் திறக்கத் தேவையில்லை. திறப்பவன் திருடன். திறந்த நொடியில் அவள் போனில் அலாரம் அடிக்கும். உடனே இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

முதல் வாரமே அடித்தது. பதறி அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நைனா, யாரு சிஸ்டத்துல இருக்கறது?"

"நான்தான். மணவூர் சுஹானான்னு ஒரு அம்மா, சர்க்கரை நானூத்தி எம்பது. மூணு மாசமா வரலை. போன் போட்டா அப்படி நம்பரே இல்லைங்கறா. தேடிகினு இருக்கேன்."

"அது பொய் ஆளு நைனா. நான் எழுதனது."



"பொய் ஆளுக்கு எதுக்கும்மா நானூத்தி எம்பது வெச்ச? ஒரு நூத்தி நாப்பது வெச்சிருக்கக் கூடாதா?"

விளக்கினாள். ஆங், ஆங் என்றார். மறுநாள் பத்து மணிக்கு மறுபடி அடித்தது.

"நெசமான ஆளு யாராச்சும் தப்பித் தவறி அதுல விழுந்திருந்தா? ஒரு தபா பாத்துட்டு மூடிடறேன்."

தினமும் பார்த்தார். அலுவலகக் கூட்டத்தின் நடுவே தினமும் அடித்தது. ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு, அப்பாவின் கணினியிலிருந்து திறந்தால் மட்டும் அடிக்க வேண்டாம் என்று மாற்றி வைத்தாள். அவரிடம் சொல்லவில்லை.

கார்த்திகையில் வந்தவன் அந்தக் கணினி வழியாகவே வந்தான். பரிசோதனை முடிவு போல வந்த ஒரு மின்னஞ்சலை தேசப்பன் திறந்திருந்தார். உள்ளே நுழைந்தவன் முதலில் போனது பொய்க் கோப்புக்குத்தான். நாற்பது நிமிடம் அதில் இருந்தான். அவள் போன் மேசையில் சும்மா கிடந்தது. பிறகு பதினோராயிரம் பேரின் பதிவுகளும் அவற்றின் நகல்களும் பூட்டிக்கொண்டன. அவளுக்குத் தெரிந்த யாராலும் திறக்க முடியவில்லை.

தேசப்பன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ரயிலேறினார். வீடு வீடாக உட்கார்ந்து, யாருக்கு என்ன மாத்திரை என்று கேட்டு எழுதினார். "நான்தான் தொறந்து வுட்டுட்டேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். அலாரத்தை நிறுத்தி வைத்ததை நேரில் சொல்ல அனுசுயா இரண்டு ஞாயிறு வந்தாள். இரண்டு ஞாயிறும் அவர் ஊர்களுக்குப் போயிருந்தார். மூன்றாவது ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மணவூர் நடைமேடையில் மாரடைப்பு.

காரியத்துக்கு மருத்துவமனை முதலாளி டாக்டர் இளங்கோவன் வந்தார்.

"அவரு மேல எனக்குக் கோவமே கிடையாதும்மா. வயசானவரு, தெரியாம தொறந்துட்டாரு."

"அவர் இல்ல சார். அலாரத்த நிறுத்தி வெச்சது நான். அடிச்சிருந்தா நாப்பது நிமிஷம் இருந்துது. தடுத்திருப்பேன்."

டாக்டர் அவள் தலையில் கை வைத்தார்.

"அப்பாவ வுட்டுக்குடுக்க மனசு வரலை உனக்கு."

அலாரத்தை நிறுத்திய தேதியும் நேரமும் இருந்த பதிவை அச்செடுத்து வந்திருந்தாள்; அந்தத் தாள்களை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு ஒரு பக்கம் பார்த்தார். மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டுச் சாப்பிடச் சொன்னார்.

பந்தலில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த மணவூர்க்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்ல மனுசன். கடைசியில ஒரே ஒரு தப்பு பண்ணிட்டாரு."