மலைமேல் ஒரு சொம்புப் பால்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு ஆட்களைக் குளிர் மலைக்கு அழைத்துப் போவதுதான் என் பிழைப்பு. ஏர்கண்டிஷனைத் தாண்டிக் குளிர் அறியாதவர்களோடு நான் பட்ட பாடு, முதுகில் பை தூக்கி மலையேறிய உங்களுக்குத் தெரியாததா?

பிரிக்பீல்ட்ஸில் ஒத்திகை

நேப்பாளம் கிளம்புவதற்கு முந்தைய வாரம், என் கடை வாசலில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினேன். உள்ளங்கை அளவு அடுப்பு, அதன் கீழே திருகிய சின்ன கேஸ் டின். வெயிலில் சீறிக்கொண்டு எரிந்தது. வழக்கமான பாடத்தையும் ஒப்பித்தேன்: எதையும் கொதித்து வழிய விடாதீர்கள், கேஸ் வீண், அடுப்பும் அணைந்துபோகும்.

பண்டமாரானிலிருந்து வந்திருந்த சரோஜா அக்கா மட்டும் முகம் சுளித்தார். பொங்கலன்று நாங்கள் மலையில் இருப்போம். கணவர் இறந்த பிறகும் ஒரு வருடமும் தவறாமல் பால் பொங்க வைத்தவர் அவர். "தம்பி, எனக்கு அன்னிக்கு வழிஞ்சே ஆகணும் லா. இல்லன்னா நான் வரல."

மலையில் முதல் மாலை

கேஸ் டின்னை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். குளிருக்கென்றே கலந்த கேஸ் கடையில் கண்ணெதிரே இருந்தது. நானோ ஊரில் பழகிய பியூட்டேன் டின்களையே அள்ளிக்கொண்டேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! டின்னுக்குள் திரவமாகக் கிடப்பது ஆவியானால்தான் எரியும்; உறைபனிக் குளிரில் பியூட்டேன் ஆவியாகவே மறுத்துவிடும்.

மலையில் பற்றவைத்தேன். குலுக்கினால் டின் நிறையச் சலசலக்கிறது, தீயோ சுண்டுவிரல் உயரம். மறுநாள் பொங்கல். அக்கா என்னையே பார்த்தார். எங்கள் குழுவில் வந்திருந்த, ரவாங்கில் லோரி ஓட்டும் மணியம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாஸ், இது அடுப்பா, சாமி விளக்கா?"

பொங்கல் காலை

உடம்புச் சூடு ஏறட்டும் என்று டின்னைக் கட்டிப்பிடித்துத் தூங்கினேன். பலன் இருந்தது! காலையில் தீ சீறியது. அக்காவின் பித்தளைச் சொம்பில், பொடி கரைத்த மாவுப்பால் நுரைத்து விளிம்புவரை ஏறியது. கத்துவதற்கு எல்லோரும் வாயைத் திறந்துவிட்டோம். அந்த நேரம் பார்த்துத் தீ இறங்கியது. எரிய எரிய டின் தானாகவே சில்லிட்டுப்போகும். பாலும் இறங்கியது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் டின் பிழைக்கும். அதற்கு எங்கே போவது? மணியம் தன் பிளாஸ்கைத் திறந்து, பாதி ஆறிப்போன தேத்தண்ணியைத் தட்டில் ஊற்றினார். அக்கா சொம்பைத் தூக்கிக்கொள்ள, அடுப்பை டின்னோடு அந்தத் தட்டில் நிறுத்தினேன். சொம்பை மறுபடி மேலே வைத்தார். தீ எழுந்தது, பால் எழுந்தது, வழிந்தே விட்டது! நாங்கள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தி முடிப்பதற்குள், வழிந்த பால் அடுப்பை அணைத்துவிட்டது. பசியாறுவதற்கு என்ன வழி என்று நான் விழித்தேன். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அணையட்டும் தம்பி. அவரு போனதுலேர்ந்து இப்படிப் பொங்கினதே இல்ல லா."

வருடம் முழுக்க 'வழிய விடாதீர்கள்' என்று பாடம் எடுப்பவன், ஒரு சொம்புப் பால் வழிந்ததற்காக மலையில் துள்ளிக் குதித்தான் என்பதை என் அடுத்த வாடிக்கையாளர்களிடம் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.