மணலில் வைத்த அடையாளம்

எங்கள் தோட்டத்திலிருந்து கடலுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. எட்டு வயதில் கடலைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது இவ்வளவுதான்.

லுணுகலைக்கு மேலே மலைச்சரிவில் இருந்தது எங்கள் தோட்டம். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஜனங்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்திருந்த காலம் அது. குடும்பம் குடும்பமாகப் பெட்டி கட்டிக்கொண்டு, பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

வரிசையாக ஒட்டிய அறைகள் கொண்ட எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த என் சிநேகிதியும் அப்படித்தான் போனாள். வரமாட்டேன் என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அவளுடைய அம்மா, "வா கண்ணு, கடலப் பாத்துட்டு வருவோம்" என்றாள். உடனே சிநேகிதி கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுக் கவுனைப் போட்டுக்கொண்டாள். போவதற்கு முன் என்னிடம் வந்து பெருமையடித்தாள். "கடதாசி இல்லாட்டி கப்பல்ல ஏத்தவே மாட்டாங்களாம். எங்கப்பா மடியிலயே வச்சிருக்காரு." கடலைப் பார்த்துவிட்டு அவள் வந்துவிடுவாள் என்று நான் ஒரு மாதம் அந்தக் கதவை எட்டி எட்டிப் பார்த்தேன். ஒரு நாள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வேறொரு குடும்பம் வெளியே வந்தது.

ஆகவே அப்பா ஒரு நாள் ஸ்டோரில் தேயிலை வாட்டும் வேலை முடிந்து வந்து, "எல்லாரும் கடலப் பாத்துட்டு வருவோம்" என்று சொன்னபோது நான் ஓடிப்போய் எங்கள் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

விஷயம் என்னவோ சின்னதுதான். தம்பிக்கு மழைக்காலம் வந்தால் மூச்சு இழுப்பு வந்துவிடும். லுணுகலையில் சில்லறைக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர்தான் யோசனை சொன்னார். மாதத்துக்கு ஒரு தடவை அவருடைய லொறி கருவாடும் உப்பும் ஏற்றிவரப் பொத்துவில் பக்கம் போகும். "வெறும் லொறிதானே போகுது. பின்னால ஏறிக்கிட்டு வாங்க. கடல் காத்து புள்ளைக்கு நல்லம். தங்கச்சி ஊட்டுல மூணு நாளு நின்டுட்டு வரலாம்" என்றாராம். அப்பாவும் தோட்டத்திலேயே பிறந்தவர். அவருக்கும் கடல் என்றால் காலண்டரில் பார்த்ததுதான். செலவில்லாமல் வந்த அதிர்ஷ்டத்தை விட அவருக்கு மனமில்லை.

இதெல்லாம் எனக்குப் பின்னால் விளங்கியவை. அப்போது நான் கண்டது வேறு. போன மாதம்தான் அப்பா எங்கள் எல்லாரையும் பதுளைக்குக் கூட்டிப்போய் ஸ்டுடியோவில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்திருந்தார். சிநேகிதி வீட்டிலும் போவதற்கு முன் அப்படி ஒரு படம் எடுத்தார்கள். எங்கள் படத்தில் நான் மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு அழுகைக்குத் தயாராக நிற்பேன். புறப்படுவதற்கு முதல் நாள் அம்மா எங்கள் மூன்று கோழிகளையும் எதிர் லயத்து அத்தையிடம் கொண்டுபோய் விட்டாள். சிநேகிதியின் அம்மாவும் அப்படித்தான் கோழிகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். இதற்கெல்லாம் மேலாக அப்பா அந்தப் பொட்டலத்தை எடுத்தார்.

மெழுகுசீலையில் சுற்றிக் கறுப்பு நூலால் கட்டிய கடதாசிப் பொட்டலம் அது. தகரப் பெட்டியின் அடியில் இருக்கும். அப்பா மூன்று மாதமாக அங்கேயும் இங்கேயும் அலைந்து அதற்குள் ஏதேதோ சேர்த்துக்கொண்டிருந்தார். நாளுக்கு ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"ஏங்க, மூணு நாளுக்கு இத எதுக்குச் சொமந்துகிட்டு?" என்று அம்மா கேட்டாள்.

"ஆளில்லாத காம்பராவுல விட்டுட்டுப் போகச் சொல்றியா? எரிஞ்சாலும் போச்சு, நனஞ்சாலும் போச்சு. நீயே பத்திரமா வச்சுக்க."

அம்மா அதை வாங்கித் துணிப்பையின் அடியில் வைத்தாள். அம்மாவிடம் கொடுத்தது பெட்டியில் வைத்துப் பூட்டியதுபோல. அவள் எதையும் தொலைத்ததாக நான் கண்டதில்லை. லயத்தில் யாருக்கு என்ன தொலைந்தாலும் அம்மாவைத்தான் தேடி வருவார்கள். போன மாதம் ஊக்கை எங்கே குத்தி வைத்தாய் என்று கேட்டால், இருட்டிலேயே கையை நீட்டி எடுத்துத் தருவாள்.

லொறியில் பிபிலை தாண்டியதும் குளிர் விட்டுப்போனது. மொனராகலை வருவதற்குள் நானும் தம்பியும் மாறி மாறி வாந்தி எடுத்தோம். மலைகள் பின்னால் சிறுத்துக்கொண்டே போவதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். இனி இதையெல்லாம் பார்க்கமாட்டோம் என்று நினைத்து ஒவ்வொரு மலையாக எண்ணினேன். அப்பாவோ என்றுமில்லாத உற்சாகத்தில் நானாவோடு வாயாடிக்கொண்டு வந்தார். நம்மை இந்தியாவுக்குக் கொண்டுபோகும் மனுஷனால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பொத்துவிலுக்கு அப்பால், முப்பது நாற்பது ஓலை வீடுகள் உள்ள சின்ன ஊர். நானாவின் தங்கை வீட்டின் பின்பக்கம் கருவாடு வைக்கும் கொட்டில் ஒன்று இருந்தது. அதைக் கூட்டிப் பாய் விரித்து எங்களுக்குக் கொடுத்தார்கள். எங்களை இறக்கிவிட்டு நானா லொறியோடு அக்கரைப்பற்றுப் பக்கம் போய்விட்டார். மூன்றாம் நாள் வந்து ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு.

கடல் என்றால் குளம் மாதிரி ஓரிடத்தில் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அது நம்மைப் பார்த்து வருகிறது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் அலை வந்ததும் நான் திரும்பி ஓட்டமெடுத்தேன். நானாவின் தங்கை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மகள், இப்பிடி நடுங்குறீங்க? கடல் ஒண்டும் செய்யாது" என்றார்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். தம்பி மணலில் உருண்டான். அம்மா ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைக் கோணிக்கொண்டாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மட்டும் கரையில் இழுத்துப் போட்டிருந்த தோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் இதைவிடப் பெரிதாக இருக்குமா, இதுதானா என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிடும்போது அந்த வீட்டுக்காரர், நானாவின் மச்சான், அப்பாவிடம் சொன்னார். "நாளைக்கு விடிய ரெடியா இரிங்க. எல்லாரையும் தோணியில ஏத்திப் போறன்."

கையில் எடுத்த சோறு என் கையிலேயே இருந்தது. அப்படியென்றால் நாளைக்குத்தான். பெரியவர்களிடம் கேட்டு ஆவதில்லை, கேட்டால் "கடலப் பாக்கத்தானே கண்ணு" என்பார்கள் என்று எனக்குத் தெரியும். சிநேகிதி சொன்னது ஞாபகம் வந்தது. கடதாசி இல்லாவிட்டால் ஏற்றமாட்டார்கள்.

சாப்பிட்டு எல்லாரும் படுத்துவிட்டார்கள். நான் துணிப்பையில் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்துக் கவுனுக்குள் செருகிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். தொலைத்துவிட வேண்டும் என்று எனக்கு எண்ணமே இல்லை. தோணி நாங்கள் இல்லாமல் போகட்டும், நானாவின் லொறி வரட்டும், ஏறுவதற்கு முன் எடுத்து அம்மாவின் பையில் பழையபடி வைத்துவிடலாம் என்று திட்டம். ஈரமான மணல் தோண்டச் சுலபமாக இருந்ததால் அங்கேயே முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தேன். மறக்காமலிருக்க ஒரு தென்னை மட்டையையும் நட்டுவைத்தேன். எங்கள் மலையில் ஒன்றைப் புதைத்தால் அது புதைத்த இடத்தில்தான் இருக்கும். தேயிலைச் செடிக்கடியில் நான் புதைத்த உடைந்த வளையல்கள் வருஷக்கணக்காக அங்கேயே கிடந்தன. ஈரமணல் ஏன் ஈரமாக இருக்கிறது என்று யோசிக்க ஒரு மலைப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

முந்தின நாள் கடலைக் கண்ட சந்தோஷத்தில் பொட்டலத்தை மறந்திருந்த அப்பா, பொழுது சாய்கிற நேரத்தில் அதைத் தொட்டுப் பார்க்கக் கேட்டார். அம்மா பையில் கையை விட்டாள். பிறகு பையைக் கவிழ்த்தாள். பிறகு கொட்டிலில் இருந்த எல்லாவற்றையும் கவிழ்த்தாள்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. பாயில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"எங்கப்பா தோட்டத்துல பேரு பதிஞ்ச துண்டு அதுலதான் இருக்கு. புள்ளைக பொறந்த பத்திரம், பதுளையில எடுத்த படம் எல்லாம் அதுலதான் இருக்கு. நாங்க இங்கதான் இருக்கப் போறோம்னு எழுதிப் போடத்தானே இத்தன நாளா அலஞ்சேன். அது போச்சுன்னா நம்மள இங்க யாரு இருக்க விடுவாங்க?"

 இங்கே இருப்பதற்கான கடதாசியா அது? நான் ஒரே ஓட்டமாகக் கடற்கரைக்கு ஓடினேன்.

மட்டை இல்லை. நான் நின்ற இடத்தில் தண்ணீர் நின்றது. மத்தியானம் எட்டத்தில் இருந்த கடல் இப்போது தோணிகளின் அடிவரை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அலை பின்வாங்கும் நேரம் பார்த்துத் தோண்டினேன். தோண்டிய குழியை அடுத்த அலை வந்து மூடிவிட்டது. இங்கே இல்லை, அங்கே என்று நாய் மண் பறிப்பதைப்போலப் பறித்தேன். கடல் என்னை இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயம்கூட அப்போது இல்லை. திரும்பிப் போய் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் பயம்.

எவ்வளவு நேரம் தோண்டினேனோ, திரும்பியபோது அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். குழிகளைப் பார்த்தாள். தேள் கொட்டிய திருடன்போல நான் சத்தமில்லாமல் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். வாளியில் தண்ணீர் இறைத்து ஊற்றிக் கையைக் கழுவிவிட்டாள். ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து, பத்து விரல் நகத்துக்குள்ளும் இருந்த மணலை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். கவுனில் ஒட்டியிருந்ததையும் தட்டிவிட்டாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அலையில் விளையாடியதற்குக் கோபம் என்று நினைத்தேன்.

பிறகு என்னைக் கையில் பிடித்தபடியே கொட்டிலுக்குள் போனாள்.

"ஏங்க, இப்பதான் ஞாபகம் வருது. புள்ளைக வாந்தி எடுத்ததும் துணி மாத்துறேன்னு பைய லொறியில கவுத்தேன். அங்கதான் விட்டிருக்கேன். எம்மேலதான் தப்பு."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மாவை அவர் அடித்து நான் பார்த்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வைக்கு ஓர் அடி வாங்கியிருக்கலாம். விடிந்ததும் தோணியோடு காத்திருந்த மச்சானை அனுப்பிவிட்டு, லொறி வரும் என்று சந்தியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். அது வந்ததும் கருவாட்டு மூட்டைகளை எல்லாம் இறக்கித் தேடினார். இல்லாததை எங்கே தேடுவது? நானா பாவம், அக்கரைப்பற்று வரைக்கும் ஆள் அனுப்பி விசாரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் கோழிகள் திரும்பி வந்தன. அவற்றைக் கவிழ்க்கும் பஞ்சாரக் கூடை எங்கள் வாசலிலேயே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். சிநேகிதியின் அம்மா கோழிகளோடு பஞ்சாரத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரேயடியாகப் போகிறவர்கள்தான் பஞ்சாரத்தையும் கொடுப்பார்கள். இதை நான் மூன்று நாள் முன்பு கவனித்திருக்கலாம்.

அப்பா மறுபடி கடதாசி சேர்க்க அலைந்தார். ஒன்று கிடைத்தால் ஒன்று கிடைக்கவில்லை. தாத்தா பேர் பதிந்த துண்டுக்கு நகலே இல்லை என்றார்கள். கடைசியில் அவரும் எல்லாரையும்போல இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். ஐந்தாறு வருஷம் கழித்து அம்மா எதிர் லயத்து அத்தையிடம் கோழிகளையும் பஞ்சாரத்தையும் கொடுத்தாள். நாங்கள் பதுளையில் கோச்சி ஏறினோம். பழைய ஸ்டுடியோப் படம் இல்லாததால் புதிதாக ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. எங்களில் முதலில் கடல் ஏறியது அந்தப் பழைய படம்தான்.

கப்பலில் அம்மா கடலைப் பார்க்கவே இல்லை. என் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல்களைத் தடவியபடி வந்தாள்.

நீலகிரியிலும் எங்களுக்குத் தேயிலைதான் வாய்த்தது. அப்பாவுக்கு மனம் சரியில்லாத நாட்களில், "லொறியில விட்டவதானே நீ" என்று ஆரம்பித்துவிடுவார். வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் அந்த லொறி வந்துவிடும். அம்மா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருப்பாள். நானும் வாயைத் திறந்ததில்லை. அப்பா போய், அம்மாவும் போன பிறகு, முற்றத்தில் விளையாடிவிட்டு வந்த என் மகளின் நகத்து மண்ணை ஒரு நாள் ஈர்க்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் என் கை நின்றுவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். 

இருட்டில் கை நீட்டி ஊக்கை எடுத்துத் தருகிறவள், பொட்டலத்தை லொறியில் விட்டுவிட்டதாகச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு கழுவிய கையோடு பக்கத்தில் நின்றேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பது சரிதான், அம்மாவுக்கும் மறதி வந்துவிட்டது, நல்லவேளையாக நான் தப்பித்தேன் என்றுதான் அன்று நினைத்தேன்.