மறைக்காமல் எழுதுங்கோ

கச்சான் கடலையை உடைத்துப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டு, கோதுகளை ஆய்வேட்டின் மேலேயே வைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார் யசிந்தா. கதிரையில் இருந்து வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. விரிவுரையாளர் அறையின் யன்னல் விளிம்பில் தாள்களை விரித்து, செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் தள்ளிவிட்டு, நின்ற நிலையிலேயே முழு ஆய்வேட்டையும் முடித்துவிடுவார். ஓரத்தில் சிவப்புப் பேனையால் அவர் எழுதுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஆர் சொன்னது?" 'ஆய்வுகள் காட்டுகின்றன' என்று ஒரு வசனம் வந்தால் போதும், பக்கத்தில் அந்தக் கேள்வி வந்து நிற்கும். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரும் அதுவே. அது அவருக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

சமூகவியல் துறையில் மூத்த விரிவுரையாளர். குருநகர்க்காரி. கடலுக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்த தகப்பன் இன்னாசித்தம்பி இப்போது இல்லை. தாய் லூர்த்தம்மாவோடு தேவாலயத்துக்குப் பின் ஒழுங்கையில் இருக்கிறார். ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்பவர்களுக்கு "நேரம் கிடைக்கேல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். ஸ்கூட்டியில் வரும்போது சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்தால், றோட்டில் ஒரு சனம் இல்லாவிட்டாலும் நிற்பார். பின்னால் வருபவன் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும். கூட்டத்துக்குப் பிந்தி வந்தால் மற்றவர்களைப் போல ரயர் காற்றுப் போனதென்று சொல்லவும் வராது. "நித்திரை கொண்டிட்டன்" என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டு இருப்பார். அவரோடு சேர்ந்து ஒரு சின்னப் பொய் சொல்ல வேண்டி வந்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை.

பிள்ளைகள் ஏஐயைக் கொண்டு கட்டுரை எழுதிக் குவிக்கிறார்கள் என்ற புகார் முற்றி, கம்பஸில் ஒரு குழு போட்டார்கள். கற்பித்தலிலும் ஆய்விலும் எதற்கு அதைப் பாவிக்கலாம், எதற்குக் கூடாது என்று ஒரு கொள்கை எழுத வேண்டும். முதல் வரைவு ஆச்சரியமான வேகத்தில் வந்து சேர்ந்தது. வாசித்துப் பார்த்த யசிந்தா, "இதை ஆர் எழுதினது?" என்று கேட்டார். எல்லாரும் தங்கள் தாள்களைப் புரட்டத் தொடங்கினார்கள். எழுதியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு நல்ல பிள்ளைகளாக இருந்து தங்கள் கையாலேயே திருப்பி எழுதினார்கள்.

அந்தக் கொள்கையில் யசிந்தா ஒற்றைக்காலில் நின்று சேர்த்தது ஒரு உறுதிமொழித் தாளை. ஆய்வேட்டின் முகப்புக்கு அடுத்ததாக அது வர வேண்டும். ஏஐ பாவித்தேனா, பாவித்திருந்தால் எந்த இடத்தில், எதற்காக என்று எழுதி மாணவர் கையெழுத்து வைக்க வேண்டும். துறைத்தலைவர் ஜெயரூபன் அதன் அடியில் மேற்பார்வையாளருக்கும் ஒரு கையெழுத்துக் கோடு போட்டார்: தரவுகளைப் பகுக்கப் பாவித்திருந்தால், அதற்கு முன்னரே மேற்பார்வையாளர் அனுமதித்துத் திகதியோடு கையெழுத்து வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் விசாரணை.

யசிந்தா சிறு வயதிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வளர்ந்தவர். பூசை வைக்கும் சுவாமி திரைக்கு அப்பால் இருப்பார். செய்த பாவத்தை அவரிடம் சொன்னால், நாலு செபம் சொல்லச் சொல்லுவார், அதோடு சரி. வாய்விட்டுச் சொன்னது மன்னிக்கப்படும் என்பது அவருக்குள் ஊறிப்போன விஷயம். குழுவில் இருந்த மற்றவர்களுக்கோ, கையெழுத்தோடு எழுதித் தந்தால் அது வாக்குமூலம், பின்னொரு நாளில் தூக்கிக் காட்டுவதற்கான ஆதாரம். இரண்டு பகுதியும் ஒரே தாளுக்குச் சம்மதித்துக் கையை உயர்த்தின. ஆளுக்கொரு தாளை நினைத்துக்கொண்டு உயர்த்துகிறோம் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு உறைத்தது. முகாமில் கையெழுத்து வைக்கப் போய் வீடு திரும்பாத ஆட்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். "மறைக்காமல் எழுதுங்கோ, ஒண்டும் நடக்காது" என்று யசிந்தா வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "ஓம் மிஸ்" என்று தலையை ஆட்டிவிட்டு, இறுதியாண்டில் அத்தனை பேரும் 'பாவிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். நிவேதனா ஒருத்தியைத் தவிர.

நிவேதனா புத்தூர்ப் பிள்ளை. தோட்டங்களில் கூலி வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்தாள். வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே குந்தியிருந்து அவள் எடுத்த பேட்டிகள் ஒவ்வொன்றும் அசல். யசிந்தாவின் சிவப்புப் பேனைக்கே வேலை வைக்காத ஆய்வேடு. அந்தப் பேட்டிகளை விடயம் விடயமாகப் பிரித்து அடுக்குவதற்கு மட்டும் ஏஐயிடம் கொடுத்திருந்தாள். அதையும் பெப்ரவரியில் தன் மேற்பார்வையாளரான யசிந்தாவை விறாந்தையில் மறித்துக் கேட்டுவிட்டுத்தான் செய்தாள். "செய்யும். பிறகு தாளிலை மறைக்காமல் எழுதும்" என்று சொல்லிவிட்டு யசிந்தா வகுப்புக்குள் போய்விட்டார். கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, வைக்க வேண்டும் என்று இவருக்கும் நினைவு வரவில்லை. யூலையில் ஆய்வேடு அலுவலகத்துக்குப் போனபோது, அவள் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருந்தாள். மேற்பார்வையாளர் கையெழுத்து வைக்கும் அடிக்கோடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

ஜெயரூபன் ஆய்வேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு யசிந்தாவைத் தேடி வந்தார். கெட்ட மனிதர் அல்ல.

"அக்கா, விதிப்படி இது விசாரணைக்குப் போகவேணும். போனா ஒரு வருசம் இழுபடும். பிள்ளை இந்தப் பட்டமளிப்பிலை நிக்காது."

"எழுதச் சொன்னது நான்."

"அதுதான் உங்களிட்டை வந்தனான். புதுத் தாள் ஒண்டு தாறன். எல்லாரையும் போலை 'பாவிக்கேல்லை' எண்டு எழுதி வாங்குங்கோ. பழசைக் கிழிச்சுப் போடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"பொய் எழுதினவையெல்லாம் பட்டம் எடுக்கினம், உண்மையை எழுதினவளுக்கு விசாரணை. நல்லாயிருக்கு உங்கடை கொள்கை."

"எங்கடை கொள்கை, அக்கா" என்றார் ஜெயரூபன். "நீங்களும்தான் கை உயர்த்தினனீங்கள்."

ஜெயரூபன் ஆய்வேட்டையும் புதுத் தாளையும் யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் நிவேதனா வந்தாள். யசிந்தா விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். விசாரணை, ஒரு வருசம், பட்டமளிப்பு. புதுத் தாளையும் எடுத்து நீட்டினார்.

"இதிலை இல்லையெண்டு எழுதினா அலுவல் முடியும் எண்டு சொல்லுகினம்."

நிவேதனா தாளைப் பார்த்தாள். வீட்டில் பட்டமளிப்புக்குச் சீலை எடுத்தாயிற்று. தகப்பன் கொழும்பில் இருக்கும் தம்பியாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அதையெல்லாம் அவள் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து பேனையை எடுத்துத் திறந்தாள்.

"நீங்கள் எழுதச் சொன்னா எழுதுறன் மிஸ்."

யசிந்தா உண்மையை எழுதச் சொன்னபோதும் இந்தப் பிள்ளை இப்படித்தான் கேள்வி கேட்காமல் எழுதியிருக்கிறது. இப்போது பொய்யை எழுதச் சொன்னாலும் அதே நம்பிக்கையோடு எழுதும். தன் சொல்லை நம்பியவள் ஒருத்திதான், அவளைக் கொண்டே பொய் எழுதுவிப்பதா? வெட்கமாக இருந்தது. அத்தனை வருசம் படிப்பித்ததில் அப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை.

"வேண்டாம். நீர் எழுதினது சரி. வீட்டை போம்" என்று தாளை வாங்கிவிட்டார்.

அவள் போனபிறகு பழைய தாளை எடுத்து யன்னல் விளிம்பில் விரித்தார். பெப்ரவரியில் அனுமதி கொடுத்தது உண்மை. ஆனால் அடிக்கோடு கேட்பது கையெழுத்து வைத்த திகதியை. இன்றைய திகதியைப் போட்டால் விசாரணைதான். யாராவது ஒருவர் பொய் எழுதினால்தான் இந்தப் பிள்ளைக்குப் பட்டம். யசிந்தா கதிரையை இழுத்து இருந்தார், பேனையை எடுத்தார், பெப்ரவரி மாதத் திகதியைப் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருடைய முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. ஜெயரூபன் கையெழுத்தைப் பார்த்தார், முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரி அக்கா" என்று கோப்பில் வைத்துவிட்டார். நிவேதனா தன் தொகுதியோடு பட்டம் எடுத்தாள். பட்டமளிப்பில் எடுத்த படத்தில் யசிந்தாவும் நிற்கிறார், சிரிக்காமல்.

அடுத்த கல்வியாண்டில் அந்தத் தாளை மாற்ற வேண்டும், உண்மையை எழுதியவரை விசாரிக்கக் கூடாது என்று குழுவுக்கு எழுதிக் கொடுத்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. வந்த கையோடு மறுபடியும் எழுதினார்.

சங்கீர்த்தனத்துக்கு மட்டும் போவதில்லை. செய்ததற்கு மனம் வருந்தி மனஸ்தாபப்பட வேண்டும், இனிச் செய்யமாட்டேன் என்று சொல்ல வேண்டும். அது இல்லாமல் சுவாமியிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. யசிந்தா முயன்று பார்த்தார். மனஸ்தாபம் வரமாட்டேன் என்கிறது. பாவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, பூசையில் சுவாமி தரும் நற்கருணை அப்பத்தை வாங்கவும் கூடாது.

ஞாயிறு பூசையில் நற்கருணைக்கு வரிசை வரிசையாக எழும்புகிறார்கள். "எழும்பு பிள்ளை" என்று லூர்த்தம்மா முழங்கையால் இடிக்கிறார். யசிந்தா முழங்கால்களை ஒரு பக்கம் ஒடுக்கிக்கொண்டு, தாய் கடந்து போக வழி விடுகிறார்.